கடல்நீர்க் கார்பன் தரவு: பெங்களூர் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் தரவு வேலை பார்க்கும் தமிழ் நண்பர்களிடம் கடல் வேதியியல் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் ஒரு கேலி வரும்: "மெரினாவுக்கே இங்கிருந்து 350 கிலோமீட்டர், நமக்கு எதுக்குங்க கடல்?" குளோடாப் என்ற கடல்நீர்த் தரவுக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கித் திறந்து பார்த்த பிறகு கேலி நின்றுவிடும், கேள்விகள் தொடங்கும். அலுவலக வாட்ஸ்அப்பிலும் வார இறுதிச் சந்திப்புகளிலும் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இனி யார் கேட்டாலும் சுட்டி கொடுத்துவிடலாம்.

குளோடாப் என்கிறார்களே, அது என்ன?

1970-களிலிருந்து ஆய்வுக் கப்பல்கள் உலகக் கடல்களில் எடுத்த நீர் மாதிரிகளின் வேதியியல் அளவுகளை ஒரே அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். அந்த அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துத் திருத்தியும் வெளியிடுகிறார்கள். அந்தத் தொகுப்பின் பெயர்தான் குளோடாப். மேற்பரப்பு மட்டுமில்லாமல் அடிக்கடல் வரைக்குமான தரவு இது.

முதல் பதிப்பு 2004-இல் வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கீ அதை முன்னின்று செய்தார். 2016-இல் நார்வேயின் பெர்கனைச் சேர்ந்த ஆரே ஓல்சன் தலைமையில் இரண்டாம் பதிப்பு வந்தது. அட்லாண்டிக், ஆர்க்டிக், அண்டார்டிகாவைச் சுற்றிய தென்கடல் பகுதிகளுக்கு 'கரினா' என்றும் பசிபிக்குக்குப் 'பசிபிகா' என்றும் தனித்தனித் தொகுப்புகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றையும் பழைய குளோடாப்பையும் இணைத்து, புதுப் பயணங்களையும் சேர்த்தபோது மொத்தம் 724 கப்பல் பயணங்கள் ஆயின. 2023 பதிப்பில் அது 1,108 பயணங்கள். 14 லட்சத்துக்கும் அதிகமான நீர் மாதிரிகள்.

கார்பன் தரவு என்று சொன்னாலும் உள்ளே வேறு பலதும் இருக்கும்: உப்புத்தன்மை, ஆக்சிஜன், நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், அப்புறம் பழைய குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த குளோரோபுளோரோகார்பன்கள். கடைசியாகச் சொன்னது ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். 1930-களுக்கு முன் அந்த வாயுக்கள் காற்றில் கிடையாது. ஆழத்தில் ஒரு நீர்த்திரளில் அவை தென்பட்டால், அந்த நீர் அதற்குப் பிந்தைய காலத்தில்தான் மேற்பரப்பில் காற்றைத் தொட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். நீரின் வயதைக் கணிக்க இதைவிட வசதியான வழி குறைவு.

கடல்நீரில் கார்பன் எந்த வடிவில் இருக்கிறது?

காற்றிலிருந்து கரையும் கார்பன் டை ஆக்சைடு கடலில் அப்படியே வாயுவாக இருப்பதில்லை. நீருடனும் அங்கே ஏற்கெனவே உள்ள கார்பனேட்டுடனும் சேர்ந்து பெரும்பகுதி பைகார்பனேட்டாகிவிடுகிறது. மேற்பரப்பு நீரில் ஏறத்தாழ 90 சதவீதம் பைகார்பனேட், 9 சதவீதம் கார்பனேட், 1 சதவீதம் மட்டும் கரைந்த வாயு. மூன்றையும் கூட்டினால் வருவதுதான் 'கரைந்த கனிமக் கார்பன்'. மேற்பரப்பில் ஒரு கிலோ கடல்நீருக்குச் சுமார் 2,000 மைக்ரோமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) இருக்கும், ஆழத்தில் கூடும்.

இதைத் தவிர மூன்று அளவுகள் உண்டு: மொத்தக் காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் திறன்), பிஎச், கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அந்த ஒரு வாயுவின் பங்கு). இந்த நான்கில் எந்த இரண்டு தெரிந்தாலும், வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தம், பாஸ்பேட், சிலிக்கேட் போன்ற ஊட்டச்சத்துகளின் அளவு ஆகியவற்றை வைத்து மற்ற இரண்டையும் கணக்கிடலாம். அதற்கென்றே 1998-இல் எர்னி லூயிஸ், டக்ளஸ் வாலஸ் இருவரும் எழுதிய நிரல் இன்றைக்கும் பல மொழிகளில் புழங்குகிறது. பைதானிலும் கிடைக்கிறது.

கரைந்த வாயு 10 சதவீதம் கூடினால் மொத்தக் கனிமக் கார்பன் ஏறக்குறைய 1 சதவீதம்தான் கூடும். கடல் கார்பனை வாங்குவதைக் கட்டுப்படுத்தும் இந்தத் தடைக்கு ரெவெல் காரணி என்று பெயர். 1957-இல் ஹான்ஸ் சூஸுடன் சேர்ந்து கடல் எவ்வளவு கார்பனை வாங்கும் என்ற கேள்வியை எழுப்பிய ரோஜர் ரெவெலின் பெயர் அது. அவர் பெயரிலேயே ஓர் ஆய்வுக் கப்பலும் இருக்கிறது. கீழே மறுபடி வரும்.

மாதிரி எடுப்பது என்றால், வாளியில் மொண்டு எடுப்பதா?

மேற்பரப்புக்கு அதுவும் உண்டு. ஆழத்துக்கு வேறு ஏற்பாடு. வட்டமான உலோகச் சட்டத்தில் 24 அல்லது 36 நீண்ட குடுவைகளை இரண்டு முனையும் திறந்த நிலையில் மாட்டி, வெப்பநிலை, உப்புத்தன்மை, ஆழம் அளக்கும் கருவியோடு கம்பி வடத்தில் இறக்குவார்கள். அடிவரை போய், திரும்பி ஏறும்போது வேண்டிய ஆழங்களில் ஒவ்வொரு குடுவையாக மேலிருந்து கட்டளை கொடுத்து மூடுவார்கள். 5,000 மீட்டர் ஆழமென்றால் ஒரு முறை போய் வர மூன்று, நான்கு மணி நேரம் ஆகிவிடும்.

சட்டம் தளத்துக்கு வந்ததும் குடுவையிலிருந்து யார் முதலில் பிடிப்பது என்பதில் கறாரான வரிசை உண்டு. காற்று பட்டால் கெட்டுவிடும் வாயுக்கள் முதலில்: குளோரோபுளோரோகார்பன், அடுத்து ஆக்சிஜன், அடுத்து கனிமக் கார்பன், பிஎச். காரத்தன்மை, ஊட்டச்சத்துகள் பின்னால். உப்புத்தன்மை கடைசியில், அது எங்கேயும் ஓடாது.

கார்பனுக்கு அரை லிட்டர் கண்ணாடிப் புட்டி. குழாயை அடிவரை விட்டு, குமிழி வராமல் மெதுவாக நிரப்பி, வழிய விட வேண்டும். பிறகு மேலே கொஞ்சம் இடம் விட்டு, செறிவான மெர்குரிக் குளோரைடு கரைசல் 100 மைக்ரோலிட்டர் சேர்ப்பார்கள். உள்ளே உயிரோடு இருக்கும் நுண்ணுயிர்கள் சுவாசித்துக் கார்பனைக் கூட்டிவிடக் கூடாதல்லவா, அதற்கு இந்த விஷம். மூடியில் கிரீஸ் தடவி அடைத்து இருட்டில் வைப்பார்கள். ஆக்சிஜன் மாதிரியில் மாங்கனீசு உப்பையும் கார அயோடைடையும் விட்டதும் பழுப்பாகத் திரியும். 1888-இல் விங்க்ளர் கண்டுபிடித்த முறை, இன்னமும் அதுதான் அளவுகோல். இவ்வளவும் ராத்திரி இரண்டு மணிக்கு, ஆடும் தளத்தில் நடக்கும். அட்டவணையில் ஓர் எண்ணைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் நல்லது.

எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக ஒட்டினால் போதாதா? இதில் என்ன பெரிய வேலை?

பைதான் தெரிந்த ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி. ஒட்டுவது ஒரு மதிய வேலை. ஒட்டியதை நம்பலாமா என்பதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் வேலை.

ஒரே அரிசி மூட்டையை இரண்டு கடைத் தராசில் வைத்தால் இரண்டு எடை காட்டும். மூட்டை மாறவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால்தான் தராசைச் சந்தேகப்பட முடியும். கடலில் அந்த மாறாத மூட்டை ஆழ்நீர். 1,500, 2,000 மீட்டருக்குக் கீழே பெரும்பாலான இடங்களில் நீரின் வேதியியல் மிக மெதுவாகத்தான் மாறும். ஆகவே 1995-இல் போன ஒரு கப்பலும் 2007-இல் போன இன்னொரு கப்பலும் ஏறத்தாழ ஒரே இடத்தைக் கடந்திருந்தால், அந்த இடத்தின் ஆழ்நீர் அளவுகளை அடர்த்தி வாரியாக எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். ஒரு கப்பலின் எண்கள் எல்லா ஆழத்திலும் ஒரே அளவு தள்ளி நின்றால், கடல் மாறியிருக்க வாய்ப்பு குறைவு. கருவியோ கரைசலோ அளவுத்திருத்தமோ சரியில்லை என்று அர்த்தம்.

இப்படி ஆயிரக்கணக்கான சந்திப்புகள். ஒரு கப்பல் பத்துக் கப்பல்களோடு ஒத்துப்போகாவிட்டால் அதைத் திருத்தலாம். ஒன்றோடு மட்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஒன்றைப் பார்க்க வேண்டும். எல்லா விலகல்களையும் சேர்த்து, குறைந்தபட்ச வர்க்க முறையில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு திருத்தம் கணக்கிடப்படும். ஆனால் கணினி சொல்வதை அப்படியே ஏற்பதில்லை. மனிதர்கள் படம் படமாகப் பார்த்து, பயண அறிக்கையைப் படித்து, பிறகுதான் முடிவு செய்கிறார்கள்.

இவ்வளவு நுணுக்கம் ஏன் என்பதற்கு ஒரு கணக்கு போதும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால் மேற்பரப்பு நீரில் கனிமக் கார்பன் ஆண்டுக்குச் சுமார் 1 மைக்ரோமோல்தான் கூடுகிறது. 2,000-இல் 1! ஒரு கப்பலின் அளவு 4 மைக்ரோமோல் தள்ளியிருந்தால் நான்கு வருட மாற்றம் அதில் மறைந்துபோகும், அல்லது இல்லாத நான்கு வருட மாற்றம் முளைத்துவிடும்.

பொதுவான அளவுகோல் ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை வராதே?

இருக்கிறது, 1990-களின் தொடக்கத்திலிருந்து. சான் டியகோவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் ஆண்ட்ரூ டிக்சனின் ஆய்வகம் கடல்நீரை வடிகட்டி, விஷமிட்டு, புட்டியில் அடைத்து, முதலில் கனிமக் கார்பன் மதிப்பையும், பின்னர் காரத்தன்மை மதிப்பையும் சான்றளித்து உலகம் முழுக்க அனுப்பத் தொடங்கியது. ஒவ்வொரு கப்பலும் தன் மாதிரிகளுக்கு நடுவே இந்தப் புட்டியையும் அளந்து பார்த்துக்கொள்ளும். அது வந்த பிறகு எடுத்த தரவுக்கும் அதற்கு முன் 1970-களில் எடுத்த தரவுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பழையவற்றில் திருத்தங்கள் பல மடங்கு பெரிதாக இருக்கும். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் செயற்கைக்கோளைவிடப் பெரிய காரியம் செய்தது அந்தப் புட்டிதான்.

ஆனாலும் ஓர் ஆய்வகமே உலகத்துக்கெல்லாம் கொடுத்துவந்தது பலவீனமும்கூட. கோவிட் காலத்தில் தயாரிப்பு தடைப்பட்டபோது எல்லோரும் கையிருப்பை எண்ண ஆரம்பித்தார்கள்.

அளந்த எண்ணைத் திருத்துவது தில்லுமுல்லு இல்லையா?

சந்தேகம் நியாயமானது. மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

அசல் தரவு அழிக்கப்படுவதில்லை. திருத்தாத கோப்புகள் பயண வாரியாகத் தனியே கிடைக்கும். எந்தப் பயணத்துக்கு, எந்த அளவுக்கு, எவ்வளவு திருத்தம் என்ற அட்டவணையும் பொதுவில் இருக்கிறது. கூட்டினார்களா பெருக்கினார்களா என்பதுகூடத் தெரியும்: கனிமக் கார்பனுக்கும் காரத்தன்மைக்கும் கூட்டல், ஆக்சிஜனுக்கும் ஊட்டச்சத்துகளுக்கும் பெருக்கல்.

சின்ன விலகலைத் தொடுவதில்லை. கனிமக் கார்பன், காரத்தன்மை இரண்டுக்கும் 4 மைக்ரோமோல், ஆக்சிஜனுக்கு 1 சதவீதம், நைட்ரேட்டுக்கு 2 சதவீதம், உப்புத்தன்மைக்கு 0.005, இவற்றுக்குள் இருந்தால் பொதுவாக அப்படியே விட்டுவிடுவார்கள்.

மூன்றாவதுதான் சிக்கலானது. ஆழ்நீர் எல்லா இடத்திலும் மாறாமல் இருக்கிறது என்பது முழு உண்மை இல்லை. வட அட்லாண்டிக்கில் குளிர்காலத்தில் மேற்பரப்பு நீர் கனத்து நேராக ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே 2,000 மீட்டரிலும் புதுக் கார்பன் வந்து சேரும், குளோரோபுளோரோகார்பனும் தென்படும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு பழைய அளவோடு பொருத்தினால் உண்மையான மாற்றத்தையே துடைத்துவிடுவோம். அதனால் விலகல் ஆண்டுகளோடு சீராக நகர்கிறதா, பக்கத்துக் கப்பல்களிலும் அதே திசையில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அப்படி இருந்தால் திருத்தாமல் விட்டுவிடுவார்கள்.

தீர்ப்பு சொல்கிற வேலை இது. தவறவும் வாய்ப்பு உண்டு. தொகுப்பைப் பயன்படுத்துகிறவர் அந்தத் திருத்த அட்டவணையை ஒரு தடவையாவது திறந்து பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர், தனக்குத் தெரியாமலேயே பிறருடைய ஆயிரம் முடிவுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்.

ஒரு எண் விசித்திரமாக இருந்தால் குடுவை தவறா, அளவு தவறா என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, நம் ஊர்த் தரவு ஆட்கள் இதில் சீக்கிரம் தேறிவிடுவார்கள். 4,000 மீட்டர் என்று எழுதியிருக்கும் ஒரு வரியில் ஆக்சிஜன், சிலிக்கேட், உப்புத்தன்மை மூன்றும் ஒரே நேரத்தில் 500 மீட்டர் நீர்போல் இருந்தால், குடுவை தவறான ஆழத்தில் மூடியிருக்கிறது அல்லது ஒழுகியிருக்கிறது. அந்த வரி முழுக்கவே போச்சு. மற்றதெல்லாம் சரியாக இருந்து காரத்தன்மை மட்டும் துள்ளினால் ஆய்வகத்தில்தான் கோளாறு. அந்த ஒரு கட்டத்தை மட்டும் விலக்கினால் போதும்.

இதைத்தான் ஒவ்வொரு அளவின் பக்கத்திலும் இருக்கும் கொடி எண்கள் (தரக் குறியீடுகள்) சொல்கின்றன. பயணக் கோப்புகளில் 2 என்றால் நல்லது, 3 என்றால் சந்தேகம், 4 என்றால் கெட்டது, 9 என்றால் அளவு இல்லை. குளோடாப்பின் இறுதிக் கோப்பில் நல்லவை மட்டும் இருக்கும். ஆனால் அங்கே 0 என்று ஒரு கொடி உண்டு: அளந்தது இல்லை, இடைச்செருகியது அல்லது மற்ற அளவுகளிலிருந்து கணக்கிட்டது. கார்பன் பக்கத்தில் இது முக்கியம். கனிமக் கார்பனையும் காரத்தன்மையையும் வைத்துக் கணக்கிட்ட பிஎச்சை எடுத்து, அந்த இரண்டையும் அது சரிபார்க்கிறது என்று சொன்னால் சுற்றி வளைத்துத் தன்னையே சரிபார்த்ததாகிவிடும்.

புதிதாக வருகிறவர்கள் வழக்கமாக எங்கே தடுமாறுகிறார்கள்?

விடுபட்ட இடங்களில் −9999 இருக்கும். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் கடலின் ஆக்சிஜன் எதிர்மறையாக வரும். இதுவாவது பார்த்ததும் தெரிந்துவிடும்.

தெரியாமல் போவது அலகு. பழைய அறிக்கைகளில் லிட்டருக்கு என்று இருக்கும், தொகுப்பில் கிலோவுக்கு. கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிலோ. 2,000-த்துக்கு 2.5 சதவீதம் என்றால் 50 மைக்ரோமோல். மேலே சொன்ன கணக்கில் அது அரை நூற்றாண்டு மாற்றம்! உங்களிடம் உள்ள வேறு தரவைத் தொகுப்போடு சேர்க்கும்போது முதலில் இதைப் பாருங்கள்.

பிஎச்சுக்குக் கோப்பில் இரண்டு நெடுவரிசைகள்: ஒன்று 25 டிகிரி வெப்பநிலையில் ஆய்வக அழுத்தத்தில், மற்றொன்று கடலில் அந்த நீர் இருந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும். ஆழத்தில் இரண்டும் வெகுவாக வேறுபடும். கலந்துவிடாதீர்கள்.

அப்புறம் மழை. வங்காள விரிகுடாவின் வட பகுதியில் பருவமழைக்குப் பிறகு உப்புத்தன்மை 30-க்கும் கீழே போகும், அரபிக்கடலில் 36-க்கும் மேலே. காரத்தன்மையும் கனிமக் கார்பனும் நன்னீர் கலப்பில் சேர்ந்தே குறையும். இரண்டு கடல்களின் கார்பனை அப்படியே ஒப்பிட்டுவிட்டு உயிரியல் காரணம் தேடப் போகிறவர்கள் உண்டு. முதலில் உப்புத்தன்மைக்கு எதிராக ஒரு படம் போட்டுப் பாருங்கள், பாதி மர்மம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நம் பக்கத்துக் கடலில் எவ்வளவு தரவு இருக்கிறது?

போதாது. அட்லாண்டிக்கோடு ஒப்பிட்டால் இந்தியப் பெருங்கடல் வரைபடத்தில் கப்பல்கள் அளந்துகொண்டு போன கோடுகள் குறைவு. வடக்கே வர வர இன்னும் குறைவு.

முதுகெலும்பாக இருப்பது 1990-களின் உலகக் கடல் சுழற்சி ஆய்வு. நோர் என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல் 1994 டிசம்பரிலிருந்து 1996 ஜனவரி வரை இந்தியப் பெருங்கடலைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தது. 1985-இல் டைட்டானிக் சிதைவைக் கண்டுபிடித்த அதே கப்பல்தான். அது போட்ட கோடுகளில் ஒன்று தெற்கிலிருந்து வங்காள விரிகுடாவுக்குள் ஏறி வருகிறது. அதே கோட்டை 2007-இலும் 2016-இலும் ரோஜர் ரெவெல் கப்பல் மறுபடி அளந்தது. ஒரே இடத்தை இருபது வருட இடைவெளியில் மூன்று தடவை பார்த்த தரவு நமக்கு அருகில் கிடைப்பது இப்படித்தான்.

அரபிக்கடலில் 1990-களின் நடுவில் பன்னாட்டுக் கடல் பாய்வு ஆய்வு நடந்தது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் சாகர் கன்யா கப்பலில் போய் அளந்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் ஓமன், சோமாலியா கரையோரமும் நம் தென்மேற்குக் கரையோரமும் ஆழத்திலிருந்து கார்பன் மிகுந்த குளிர்ந்த நீர் மேலே பொங்கி வரும். அந்த மாதங்களில் அரபிக்கடல் காற்றுக்குக் கார்பனைக் கொடுக்கிற கடல். ஆண்டில் ஒரு மாதம் மட்டும் அளந்தால் தவறான முடிவுக்கு வருவோம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. உலகம் முழுக்கவும் இந்தக் குறை உண்டு: தென்கடலில் குளிர்கால அளவுகள் மிகக் குறைவு, அந்த அலையில் யார் போவார்கள்?

சோகாட் என்று இன்னொன்று இருக்கிறதே?

அது மேற்பரப்புக்கு மட்டும். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீரை இழுத்துக் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தத்தைத் தொடர்ச்சியாக அளக்கிறார்கள். சரக்குக் கப்பல்களிலும் இந்தக் கருவி உண்டு. 2011-இல் வந்த முதல் வெளியீட்டில் 63 லட்சம் அளவுகள், 2023-இல் 3.5 கோடிக்கு மேல். கடல் இந்த ஆண்டு காற்றிலிருந்து எவ்வளவு வாங்கியது என்று கேட்டால் சோகாட். வாங்கியது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் குளோடாப்.

இதையெல்லாம் தொகுத்து என்னதான் கண்டார்கள்?

மனிதர் வெளியிட்ட கார்பன் கடலில் எவ்வளவு இருக்கிறது என்ற எண். ஒரு புட்டி நீரில் இயற்கைக் கார்பன் எது, நிலக்கரியிலிருந்து வந்தது எது என்று நேரடியாகப் பிரிக்க முடியாது. ஆக்சிஜன், ஊட்டச்சத்துகள், காரத்தன்மை ஆகியவற்றைக் கொண்டு, உயிர்களும் கலப்பும் செய்த வேலையைக் கழித்து, மிச்சத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கார்பன் தொகுப்பில் நைட்ரேட் ஏன் என்று கேட்டவர்களுக்கு விடை இதுதான்.

2004-இல் கிறிஸ்டோபர் சபைனும் குழுவினரும் சொன்னது: 1800-லிருந்து 1994 வரை கடல் வாங்கியது 11,800 கோடி டன் கார்பன், ஏறக்குறைய 1,900 கோடி டன் கூடவோ குறையவோ இருக்கலாம். நிலக்கரி, எண்ணெய், சிமென்ட் மூலம் அதுவரை வெளியானதில் கிட்டத்தட்டப் பாதி. 2019-இல் நிக்கோலஸ் குரூபர் குழு, அதே இடங்களை மறுபடி அளந்த தரவைக்கொண்டு, 1994 முதல் 2007 வரை மேலும் 3,400 கோடி டன் என்று கணித்தது. ஆண்டுக்கு 260 கோடி டன். அடுத்து 2023-இல் யென்ஸ் முல்லர் குழு பத்தாண்டு வாரியாகப் பிரித்தது: 1994–2004-இல் 2,900 கோடி, 2004–2014-இல் 2,700 கோடி. காற்றில் கார்பன் வேகமாக ஏறிய காலத்தில் கடல் வாங்கியதும் ஏறியிருக்க வேண்டும். ஏறியதாகத் தெரியவில்லை. இரண்டு எண்ணிலும் 300 கோடி டன் ஐயம் இருப்பதால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் கவனிக்க வேண்டிய இடம்.

பிஎச் 8.2-லிருந்து 8.1. இதற்கா இவ்வளவு பேச்சு?

மடக்கை அளவு என்பதை மறந்தால் சின்னதாகத்தான் தெரியும். 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 26 சதவீதம் கூடும். சிப்பிக்கும் பவளத்துக்கும் தேவையான கார்பனேட் குறையும். கடல் அமிலமாகவில்லை, காரம் குறைகிறது. ஆனால் அவற்றுக்கு அந்த வித்தியாசம் ஆறுதல் தராது.

மிதவைகளும் செயற்கை நுண்ணறிவும் வந்த பிறகு கப்பல் எதற்கு?

ஆர்கோ என்ற தானியங்கி மிதவைகள் சுமார் 4,000 உலகக் கடல்களில் இருக்கின்றன. பத்து நாளுக்கு ஒரு தடவை 2,000 மீட்டர் வரை இறங்கி ஏறும். அவற்றில் ஒரு பகுதியில் பிஎச் உணரியும் உண்டு. குளிர்காலத் தென்கடலில்கூட அளக்கும். பெரிய வரம்தான். ஆனால் உணரி காட்டும் எண் நாளாக நாளாகச் சரியான மதிப்பிலிருந்து விலகும். அதைத் திருத்த, 1,500 மீட்டர் ஆழத்தில் பிஎச் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணிக்கும் கணினி மாதிரியைப் பயன்படுத்துகிறார்கள். அந்த மாதிரிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது குளோடாப்பின் புட்டிகள். கப்பலை நிறுத்தினால் பத்து வருடத்தில் மிதவையும் எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் நிற்கும்.

பெங்களூர்க் காற்றில் அளந்த கார்பன் டை ஆக்சைடைக் கடல் தரவோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், அலகைப் பார்த்து. கருவி 420 பிபிஎம் காட்டினால் அது பத்து லட்சம் மூலக்கூறுக்கு எத்தனை என்ற விகிதம். கடல் பக்கத்தில் நாம் பேசுவது பகுதி அழுத்தம். நாம் இருப்பது கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே, காற்றழுத்தம் சுமார் 0.9 வளிமண்டலம். அதே 420 இங்கே 380 மைக்ரோ வளிமண்டலம்தான். நகரப் போக்குவரத்து நெரிசலில் அளந்தால் எண் தாறுமாறாக ஏறும் என்பது வேறு கதை. சில்க் போர்டு சந்திப்பில் வைத்து உலகச் சராசரி தேடாதீர்கள்.

பெல்லந்தூர் ஏரி நீருக்கு மேலே சொன்ன கார்பன் கணக்கீட்டு நிரலை ஓட்டலாமா?

வேண்டாம். நிரலின் மாறிலிகள் கடல்நீருக்கென்று அளந்தவை. உப்புத்தன்மையைக் கொடுத்தால் போரான், சல்பேட், புளோரைடு எவ்வளவு என்று அதுவே ஊகித்துக்கொள்ளும், ஏனென்றால் கடலில் அந்த விகிதம் மாறாது. ஏரியில் அந்த ஊகம் பொய். அதிலும் கழிவுநீர் கலந்த ஏரியில் கரிம அமிலங்களும் பாஸ்பேட்டும் காரத்தன்மைக்குள் புகுந்துகொள்ளும். நன்னீருக்கான மாறிலிகளை எடுத்துத் தனியாகக் கணக்கிடுங்கள். காவிரி முகத்துவாரத்துக்கும் இதே எச்சரிக்கை. தொகுப்பு பெரும்பாலும் திறந்த கடலுக்கானது, கரையோரத்துக்கு அதில் அதிகம் கிடைக்காது.

வேதியியல் படிக்காமல் இதில் இறங்கலாமா?

தாராளமாக. இந்திய அறிவியல் கழகத்திலேயே வளிமண்டல, கடல் அறிவியல் மையம் இருக்கிறது. இந்தத் துறையில் இயற்பியல், கணிதம், பொறியியல் என்று பல வழியாக வந்தவர்கள் உண்டு. தரவு இலவசம், சிஎஸ்வி கோப்பாகவே கிடைக்கிறது. ஆனால் முதல் நாளே உலகத் தொகுப்பு முழுவதையும் நரம்பியல் வலைக்குள் தள்ளாதீர்கள். இந்தியப் பெருங்கடல் கோப்பை மட்டும் எடுத்து, ஒரே ஒரு பயணத்தைத் தேர்ந்து, ஆழத்துக்கு எதிராக எல்லா அளவுகளையும் வரைந்து பாருங்கள். அரபிக்கடலில் 150 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரை ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லாமல் போவதை உங்கள் திரையிலேயே பார்த்துவிட்டால் அப்புறம் விடமாட்டீர்கள்.

பயன்படுத்தினால் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

தொகுப்பின் கட்டுரையை மேற்கோள் காட்டுவது கட்டாயம். நீங்கள் நம்பியிருப்பது நான்கைந்து பயணங்களை மட்டும் என்றால் அந்தப் பயணங்களின் அசல் தரவையும் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் கப்பல் குறியீடும் புறப்பட்ட தேதியும் சேர்ந்த அடையாள எண் உண்டு, தேடினால் கிடைத்துவிடும். தொகுப்பு பெயர் வாங்கிக்கொண்டு அளந்தவர் பெயர் மறைந்தால், அடுத்த பயணத்துக்கு அவருக்குப் பணம் கிடைப்பது கடினம்.

தொகுப்பில் தவறு கண்டுபிடித்தால்?

முதலில் பழைய பதிப்பை வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒவ்வொரு வெளியீட்டிலும் முந்தைய தவறுகள் சில திருத்தப்பட்டிருக்கும். அடுத்து திருத்த அட்டவணையில் அந்தப் பயணத்தின் குறிப்பைப் படியுங்கள், உங்கள் சந்தேகத்தை யாராவது ஏற்கெனவே விவாதித்திருக்கலாம். அப்புறமும் தவறாகத் தோன்றினால் பயண எண், நிலைய எண் (கப்பல் நின்று அளந்த இடம்), குடுவை எண், ஒரு படம், நான்கும் வைத்துத் தொகுப்புக் குழுவுக்கு எழுதுங்கள். "ஏதோ சரியில்லை" என்று மட்டும் எழுதினால் 14 லட்சம் வரியில் அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?